குழிக்குள் செருப்பு கூடாது

ஜேசிபியிலிருந்து இறங்கிய பால்பாண்டி, குழி ஓரத்தில் வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். தன்னுடையதையும் கழற்றி அந்த வரிசையின் கடைசியில் விட்டார்.

"அக்கா, இது என்ன சாமி?"

குழிக்குள் மலையம்மாள் நின்றிருந்தார். விளக்குமாறு கக்கத்தில் இருந்தது. கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

அது சாமி இல்லை. சோதனைக் குழி. இந்த வயல்களில் லாரி நிலையம் வரப்போகிறது. அதற்கு முன்னால் மண்ணுக்கடியில் பழைய காலத்துப் பொருள் ஏதும் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்க வேண்டும். அதற்காக வந்தவர்கள் முத்துக்குமரன் சாரும் நானும்.

ஏதாவது இருந்தால் லாரி நிலையம் வேறு இடம் தேடும். இல்லையென்றால் மலையம்மாளின் அறுபது சென்ட் போய்விடும். பரவை மார்க்கெட்டுக்கு வெண்டைக்காய் போகிற நிலம். வேறு நிலம் அவருக்கு இல்லை.

தன் வயலை அவரே எங்களிடம் தினக்கூலிக்குத் தோண்டினார். சல்லடையில் நின்ற ஒவ்வொரு கல்லையும் என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"இது ஆகாதா தாயி?"

கல்தான் அக்கா என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு பானை ஓடுகூட வரவில்லை. ஒரு பல்செட் வந்தது. அது யாருடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்று காலை கடைசிப் படம் எடுத்தோம். மதியம் மூடிவிடலாம் என்று சார் சொல்லிவிட்டார்.

தரையில் தடம் விழக்கூடாது என்பதால் குழிக்குள் வெறுங்காலோடுதான் இறங்குவோம். நான்கு சுவரையும் கரண்டியால் சீவி நேராக்கியிருந்தோம். மூலைக்கு ஒரு முளைக்குச்சி, சுற்றிலும் வெள்ளைக் கயிறு. படத்தில் அளவு தெரிவதற்காகச் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்த கம்பு நடுவில் நிற்கும்.

பால்பாண்டி அதைப் பார்த்துத்தான் கும்பிட்டார்.

"அது அளவுகோல் தம்பி. நீ மண்ணத் தள்ளு," என்றார் சார்.

"கோயில் செவுத்துக் கலரு அடிச்சிருக்கீக. கூட்டிப் பெருக்கி வச்சிருக்கீக. செருப்ப வெளிய விட்டிருக்கீக. பெறகு சாமி இல்லங்கிறீகளே சார்."

"இருபது சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை. அம்புட்டுதான்."

"எங்க சாமிக்கும் பட்டை இருக்கு. யாரும் அளந்து பாத்ததில்ல."

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. தானே கம்பை எடுத்துப்போட்டுவிடுவது என்று குழி ஓரத்துக்கு வந்தார். இறங்குவதற்கு முன் குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினார்.

பழக்கம்.

பால்பாண்டி, சார் கழற்றி வைத்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாருக்கும் புரிந்துவிட்டது. ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக நின்றார். கழற்றியதை மறுபடி போட்டுக்கொண்டு இறங்க அவருக்கு மனம் வரவில்லை. இன்னொன்றைக் கழற்றவும் முடியவில்லை.

இத்தனை நாளும் குழி ஓரத்தில் உட்கார்ந்தபடியே வெற்றிலைச் சாற்றைத் துப்பிய, மண் சுமக்கக் கூலிக்கு வந்த முனீஸ்வரி அக்கா, எழுந்து வரப்பைத் தாண்டிப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

ரோட்டில் பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"நீ போய் எடும்மா," என்றார் சார், என்னைப் பார்க்காமல்.

செருப்பை விட்டு இறங்கினேன். தோளில் கிடந்த பைக்குள் ஏதோ ஒன்றோடொன்று மோதிச் சத்தம் கொடுத்தது.

மலையம்மாள் வழியை விட்டு நகரவில்லை. மதியம் நாங்கள் வேப்பமரத்தடியில் சாப்பிட்டபோது அவர் மட்டும் வீட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் கை கழுவிவிட்டு வருவதற்குள் திரும்பி வந்து கூட்டிக்கொண்டிருந்தார்.

அவரைச் சுற்றிப் போய்க் கம்பைப் பிடித்தேன்.

ஈரமாக இருந்தது.

சுண்ணாம்பு வாசம் அடித்தது. பக்கத்தில் பார்த்தால் ஒரு பட்டை அகலம், அடுத்தது குறுகல். எங்கள் அளவுகோல் அலுமினியம். இது சவுக்குக் கம்பு.

காலையில் படம் எடுத்து முடித்ததும் அளவுகோலைத் துடைத்து, இரண்டு துண்டாகக் கழற்றி, இந்தப் பைக்குள் வைத்தது நான்தான்.

நிமிர்ந்தேன். மலையம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கல்லை நீட்டிவிட்டு நிற்கும்போது பார்ப்பது போலவே.

மேலே எல்லோரும் காத்திருந்தார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

"வரல சார்," என்றேன்.

"நல்லாப் பிடிச்சு இழும்மா."

கம்பு லேசாகத்தான் நின்றது. ஆடாமல் இருக்க இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ரொம்ப ஆழமாப் போகுது சார்."

பால்பாண்டி ஏறிப்போய் எஞ்சினை அணைத்தார்.

கையை எடுத்தேன். விரல்களில் காவி ஒட்டியிருந்தது. சுடிதாரில் துடைத்தால் தெரிந்துவிடும். சார் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெற்றியில் வைத்துக்கொண்டேன்.