வடக்கே ஓடாத ஆறு

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு பழைய வரைபடம் தொங்கியது. அதன் பின்னால் குடியிருந்த பல்லி, வரைபடம் எதைச் சொன்னாலும் 'ச்சு ச்சு' என்று ஆமாம் போடும்.

"கோயிலுக்கு வடக்கேதான் ஆறு. நூறு வருஷமா சொல்றேன்."

"ச்சு ச்சு."

ஆறு எப்போதோ கோயிலுக்குத் தெற்கே மாறிவிட்டது. வரைபடத்தை நம்பி வடக்கே கட்டிய பாலத்தடியில் ஆடுகள் தூங்கின.

ஐப்பசி வெள்ளத்தில் ஆறு ஆபீசுக்குள்ளேயே வந்துவிட்டது.

"ஏய், வடக்கே போ! பாலம் காத்துக்கிட்டிருக்கு!" என்று அதட்டியது வரைபடம்.

"பாலத்தை இங்க அனுப்புங்க ஐயா" என்று சிரித்த ஆறு, வரைபடத்தை நனைத்துவிட்டுப் போனது.

நீல மை கரைந்து, கோயிலைத் தாண்டித் தெற்கே வழிந்து காய்ந்தது.

"பார்த்தியா? ஆறு தெற்கேன்னு நான் அப்பவே சொன்னேன்!"

பல்லி கொஞ்சம் யோசித்தது. ஈரமானாலும் வீடு வீடுதானே.

"ச்சு ச்சு."