நான்கு மாதம் பத்து நாள்

அசீசாவை நான் உட்காரச் சொல்லவில்லை.

அவளும் அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. நின்றபடியே துணிப்பையை என் மேசை ஓரத்தில் வைத்தாள். கடையின் பைலை எடுத்துக்கொண்டு போக வந்ததாகச் சொன்னாள். கூடப் பிறந்த அண்ணனைக் கூப்பிடுவது போல நானா என்றுதான் கூப்பிட்டாள்.

நானாவாம். புருஷன் மௌத்தான அன்று, இந்த மனுசனை ஜனாஸா வீட்டுக்குள் விட வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னவள் இவள். ராகலையில் பாதி ஊர் பார்த்திருக்க, நான் மழைக்குள் ரோட்டில் நின்றேன். அதை நான் மறக்கவில்லை.

அவளுக்கும் என்னை வெறுக்கக் காரணம் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? அவள் புருஷன் நூர்தீனின் ஹார்ட்வெயார் கடைக்கு இருபது வருடமாக வரிக்கணக்குப் பார்த்த எக்கவுண்டன் நான்தான். கடைப் பதிவு அசீசாவின் பெயரில். 2022இல் ஒரு வரிக் கடிதம் வந்தது. மேன்முறையீடு செய்திருந்தால் தொகை பாதிக்குப் பாதி குறைந்திருக்கும். அதற்குக் கெடு ஜூலை பதினெட்டு. பெட்ரோல் வரிசையில் இரண்டு பகல், ஓர் இரவு என்று நான் காரோடு கிடந்த மாதம் அது. கடிதம் என் மேசை லாச்சியில் கிடந்தது. கெடு முடிந்து ஒன்பதாம் நாள்தான் கண்டேன்.

முதலில் அவர்களுடைய லொறி போனது. பிறகு வீட்டை ஈடு வைத்தார்கள்.

என் மேல் வழக்குப் போடுவேன் என்று நூர்தீன் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் சொல்ல விட்டால்தானே? நோன்பு முடியட்டும் என்றேன். ஹஜ் முடியட்டும் என்றேன். கொழும்பில் ஒரு பெரிய ஆளைப் பிடித்திருக்கிறேன் என்றேன். எங்களுக்குள் எழுதிய ஒப்பந்தம் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம்தான், அதற்குள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் பிறகு போக முடியாது என்று என் லோயர் சொல்லியிருந்தார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

அந்த மூன்று வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது நூர்தீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

அழுதேன், பொய்யில்லை. ஆனால் அவனை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். புருஷனை இழந்தவள் இத்தா இருக்க வேண்டும். நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்ட மாட்டாள். அந்நிய ஆண் அவள் முன்னால் போய் உட்கார முடியாது, அவன் லோயராக இருந்தாலும். வெளிவேலை பார்க்க வேண்டியவர்கள் நூர்தீனின் தம்பிமார். அவர்கள் என் கூட்டாளிகள். மூன்று வருடம் முடிகிற ஜூலை பதினெட்டு அவளுடைய இத்தாவின் நடுவில் வந்து விழுந்தது.

அவளுடைய நாட்களை அவளைவிட நான்தான் கவனமாக எண்ணினேன்.

நேற்றோடு இத்தா முடிந்தது. இன்று நுவரெலியாவுக்குப் பஸ் ஏறித் தனியாக வந்திருக்கிறாள். தம்பிமார் ஒருவரும் கூட வரவில்லை. வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

மனம் இளகியது என்று சொன்னால் பொய். குஷியாக இருந்தது. பைலைக் கொடுக்காமல் நாட்கணக்கில் அலைக்கழித்திருக்கலாம். இனி எதற்கு? கிளார்க் தனுஜாவைக் கூப்பிட்டு எடுத்து வரச் சொன்னேன். அந்த வரிக் கடிதத்தை நானே உருவி விரித்தேன். எங்கள் காரியாலயம் அதைப் பெற்றுக்கொண்ட சீலையும் தேதியையும் விரலால் தொட்டுக் காட்டினேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதை அவசரப்படாமல் செய்தேன்.

“என்ட பிழதான் தங்கச்சி, லாச்சியில போட்டு மறந்துட்டன். என்ன செய்ய, ஜூலை பதினெட்டோட காலம் முடிஞ்சி போச்சே.”

மூன்று வருடத்தில் இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தனுஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

அசீசா அழுவாள் என்று காத்திருந்தேன். ஏசினாலும் நல்லதுதான், வெளியே போ என்று சொல்ல ஒரு சாட்டு கிடைக்கும். அவள் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைலுக்குள் வைத்தாள். பைலைத் துணிப்பைக்குள் வைத்தாள். தனுஜாவைத் திரும்பிப் பார்த்து, முழுப்பெயர் என்ன மகள் என்று கேட்டாள். அவளும் சொன்னாள்.

பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“ஜூலை பதினாலே கேஸ் போட்டாச்சி நானா. இந்தக் கிழமைக்குள்ள உங்களுக்குக் கோட்டால கடுதாசி வரும்.”

ஜூலை பதினாலு, திங்கட்கிழமை. அந்த நாளை எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று பகல் நுவரெலியா பஸ் ஸ்டாண்டில், மழையில், முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தி குடையோடு நின்றாள். குடை நூர்தீனுடையது. உடைந்த பிடியில் அவன் சிவப்பு வயர் சுற்றி வைத்திருந்தான். ராகலை பஸ் புறப்படுவதற்கு முன்பே அவன் தம்பிக்குப் போன் எடுத்து, இத்தாவில் இருக்கிற பொம்பளை ஊர் சுற்றுகிறாள் என்று சொன்னவன் நான்தான். போதாதென்று பள்ளிவாசலில் இன்னும் நாலு பேரிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து மாமியார் அவளோடு பேசவில்லை. தம்பிமார் அவள் வாசலை மிதிக்கவில்லை. எவனைப் பார்க்கப் போனாள் என்று ஊர் அவள் காதுபடவே கேட்டது.

கோர்ட்டுக்குப் போனேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அன்றே அடங்கியிருக்கும். சொன்னால் என் காதுக்கும் வந்துவிடும், அந்தக் கடிதத்தை நான் இல்லாமல் ஆக்கிவிடுவேன் என்று, இந்தப் பைல் கைக்கு வரும்வரை, அவள் அத்தனையையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள்.