பிரேக் லைட்

"நாளைக்கு ஸ்கூல் தொறக்குது. கார் சாவியக் குடு," என்றார் வீராசாமி.

மகள் சசிரேகா அசையவில்லை. "ஆறு புள்ளைங்க போற வண்டி நைனா. பின்னாடி பிரேக் லைட்டு எரிஞ்சாத்தான் சாவி."

"இருவது வருசமா ஓட்றேன். எனக்கே டெஸ்ட்டா?"

"பின்னாடி நின்னு பாத்து சொல்லு."

காரில் ஏறி பிரேக்கை மிதித்தாள். "எரியுதா?"

"எரியுது."

"ரெண்டுமா?"

"ரெண்டும் பளிச்சுனு கீது. போதுமா?" வீம்பாகக் கையை நீட்டினார்.

சசிரேகா இறங்கி வந்து அந்தக் கையில் எதையோ வைத்தாள். சாவி என்று நினைத்து மூடிய அவர் விரல்கள், தடவிப் பார்த்து நின்றன.

காலையிலேயே அவள் கழற்றிவிட்ட இரண்டு பல்புகள்.

"நீயே ஓட்டும்மா," என்றார் மெதுவாக. "நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்."