நான்தான் அடிச்சேன்

“உங்க நாயை யாரும் அடிக்கலைங்க,” என்றார் கால்நடை டாக்டர்.

பெரியப்பா ராஜராஜன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பத்து நாளாக ஊருக்குள் எனக்குப் பெயரே ‘நாயை நொண்டியாக்கினவன்’தான்.

“நான்தான் அடிச்சேன் டாக்டர். கல்லால,” என்றேன்.

“நாலு காலும் வீங்கியிருக்கே தம்பி?”

“நாலு கல்லு எறிஞ்சேன்.”

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். “அடிபட்டதுக்கு அடையாளமே இல்ல. இது நெஞ்சு. நுரையீரல்ல கட்டி, புற்றுநோய். இது வந்தா சில நாய்ங்களுக்குக் கால் எலும்பு தடிச்சு நொண்டும்.”

பெரியப்பா நாயின் தலையைத் தடவிக்கொடுத்தார். அப்புறம், “செழியா, செய்யாத தப்பை ஏன்டா ஒத்துக்கிட்ட?” என்றார்.

“அடிச்சேன் பெரியப்பா. சத்தியமா.”

அவர் யோசிக்க ஆரம்பித்தார். எனக்கு வேர்த்தது.

“அன்னைக்கு என் மடைகிட்ட மண்வெட்டியோட நின்ன. கேட்டதுக்கு, நாயை அடிச்சுத் துரத்திக்கிட்டு வந்தேன்னு சொன்ன. நானும் நம்பினேன். அப்ப என் வயலுக்கு வர்ற தண்ணிய உன் வயலுக்குத் திருப்பிவிட்டது யாருடா?”

“டாக்டர்,” என்றேன், “இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்களேன்.”