ஓய்வெடுத்த கிணறு

காலை வெயில் அந்தக் குறுகலான கிணற்றின் சுவரில் பாதி வரை இறங்கி நிற்கிறது. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்திருக்கும் அளவைக்காரர் கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்து நாடாவை இறக்குகிறார். நுனி தண்ணீரைத் தொட்டதும் கையிலுள்ள நாடா டப்பா கீச்சென்று கத்துகிறது. "முப்பத்திரெண்டு அடி. போன மாசம் மாதிரியேதான்." நீர்மட்டம் முப்பத்துமூன்று அடிக்குக் கீழே இறங்கினால்தான் சுரங்கம் லாரியில் தண்ணீர் அனுப்பும். அவர் படிவத்தில் எழுதுகிறார். அளப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கக் கிணற்றைத் தொடக்கூடாது என்பது விதி. நேற்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை. "ஒரு நாள் படுத்துக் கிடந்தா சீக்காளிகூட எந்திரிச்சு உக்காருவான் சார். எறைச்சுப் பாத்துட்டு எழுதுங்க" என்கிறாள் வீட்டுக்காரி. "எறைக்கிறதுக்கு இதுல கட்டமே இல்லம்மா." அவள் வாளியை விடுகிறாள். ராட்டினம் முனகுகிறது. காத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் குடங்களை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். அவளுடைய குடத்தின் முறை வரும்போது, அடியில் வாளி உரசும் சத்தம் மேலே கேட்கிறது, சேறு வருகிறது. வேலிக்கு அப்பால், சுரங்கத்திலிருந்து இறைத்துவிட்ட தண்ணீர் வாய்க்காலில் கறுப்பாக, நிற்காமல் ஓடுகிறது. "இப்ப விடுங்க உங்க நாடாவ." விடுகிறார். டப்பா முப்பத்துமூன்றரையில்தான் கத்துகிறது. அவர் எதையும் திருத்தவில்லை. நாடாவைச் சுற்றி முடிக்கும்போது விரலெல்லாம் சேறு. படிவம் அழுக்காகாமல் அக்குளில் இடுக்கிக்கொள்கிறார். "கை கழுவ ஒரு சொம்பு தண்ணி கிடைக்குமாம்மா?" அவள் காலிக் குடத்தைக் கவிழ்த்து வைக்கிறாள். "நாளைக்கு வாங்க சார். ஊறியிருக்கும்."