கை மட்டும் போதும்

ஜன்னல் வெயில் தையல் மெஷின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அடுத்த மாதம் இந்தக் கம்பெனியின் வேலை மொத்தமும் கடல் தாண்டி வேறு நாட்டுக்குப் போகிறது. அங்கே சேரப்போகும் பெண்கள் பார்த்துப் பழகுவதற்காக, காலர் தைப்பதை சூப்பர்வைசர் செல்போனில் படம் பிடிக்கிறார். பதினாலு வருடமாகக் காலர் தைக்கிறவள், இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்தி, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருக்கிறாள். “முகம் வேண்டாம்க்கா, கை மட்டும் போதும்.” “நூல் அறுந்தா பயப்படாதீங்கன்னு அந்தப் பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கிறேனே.” “சத்தத்தையும் எடுத்துடுவாங்கக்கா.” மெஷின் ஓடுகிறது. வளைவு வருமிடத்தில் அவள் கட்டைவிரல் துணியைத் தடவிக்கொடுக்கிறது. தையல் முடிகிறது. மிச்ச நூலைப் பல்லால் கடிக்க அவள் மெதுவாகக் குனிகிறாள். முகம் முழுசாகச் செல்போனுக்குள் வந்துவிடுகிறது. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்குகிறது.