ஏழு மணிக்குள் ஒரு ஆள்

"ஏழு மணிக்குக் கார் வந்துடும். இன்னும் ஆள் கெடைக்கல" என்று சொல்லிப் போனைக் கட்டிலில் வீசினாள் ஷ்ரேயசி.

அவள் கணவன் அரித்ரா அரைக்கால் சட்டையோடு பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். புரிக்கு வருகிற கல்கத்தாக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான்.

"கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீலையே அழ வெக்கிறவ நீ. மூணு மணி நேரம் கொழந்தையப் பாத்துக்க ஒரு ஆள் புடிக்க முடியலையா?"

"நீ புடியேன். போன் அங்கதான் கெடக்கு."

அரித்ரா மறுபடியும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். குளியலறையிலிருந்து மூன்று வயது ஜோஜோ தண்ணீரை அடித்துக் கெக்கலிக்கும் சத்தம் வந்தது.

ஷ்ரேயசிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இந்த ஒரு சாயங்காலம் மூன்று மாதத்துக்கு முன்பே கொடுத்த வாக்கு. போன வருஷம் திகா கடற்கரைக்குப் போனபோதும் இதே கதைதான். ஆள் கிடைக்கவில்லை, "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சமாளித்தாயிற்று. இந்தத் தடவையும் கைவிரித்தால் ஊர் திரும்பியதும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்கிற அளவுக்குப் பேச்சு முற்றியிருந்தது. அப்படி நடந்துவிட்டால் குடும்பமே குலைந்து போகும் என்று நிஜமாகவே பயந்தாள்.

மூன்றாவது முறையாகக் கீழே வரவேற்பறைக்குப் போன் செய்தாள். ஓட்டல் மேலாளர் பெஹரா எடுத்தார்.

"மேடம், டாக்டர் வேணுமா, அஞ்சு நிமிஷத்துல வருவாரு. கோயில்ல பூசை பண்ணி வெக்கிற பண்டா வேணுமா, வாசல்லயே நாலு பேர் நிக்கிறாங்க. கொழந்தையப் பாத்துக்க மட்டும் நம்மகிட்ட ஆள் கெடையாது."

"அறை சுத்தம் பண்ற பொண்ணு ஒருத்தி இருக்காளே, அவள வரச் சொல்லுங்க."

"அவங்க விருந்தாளிங்க அறையில உக்காரக் கூடாது மேடம். முதலாளி உத்தரவு."

"உக்கார வேணாம். நின்னுக்கிட்டே பாத்துக்கட்டும்."

பெஹரா இருமினார். "பாக்குறேன் மேடம்" என்று வைத்துவிட்டார். காலையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

பக்கத்து அறை தத்தகுப்தா அம்மாள் காலைப் பலகாரத்தின்போது ஜோஜோவின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சியது ஞாபகம் வந்தது. போய்க் கதவைத் தட்டினாள். அந்த அம்மாள் இரண்டு இடுப்பிலும் இரட்டைக் குழந்தைகளோடு வந்து நின்றாள்.

"அட, நானே உங்ககிட்ட வரணும்னு இருந்தேன். இதுங்க ரெண்டையும் ஒரு மணி நேரம் உங்க அறையில விட்டுட்டுப் போகட்டுமா? வந்து நாலு நாளாச்சு, நான் இன்னும் மணல்லயே கால் வெக்கல."

கடன் கேட்கப் போன இடத்தில் அவர்களே கைமாற்று கேட்ட கதையாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னாச்சு?" என்றான் அரித்ரா.

"பேசாத. இன்னிக்கு நீ வாயத் தொறந்தா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

ஆறே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. பெஹரா. அவர் பின்னால் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கையில் குடை.

"என் வீட்டுக்காரியோட அக்கா, குந்தலா. பிரசவ வார்டுல முப்பது வருஷம் வேலை பாத்தவங்க. உங்களுக்காகக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

ஷ்ரேயசிக்கு அந்தப் பெண்ணின் காலில் விழலாம் போலிருந்தது. சித்தி முறை வைத்தே கூப்பிட்டாள். "உள்ள வாங்க மாஷி, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

பெஹரா போனதும் ஷ்ரேயசி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். வாக்குமூலம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "ஏழரைக்குக் கிச்சடி. முள் எடுத்த மீன் ரெண்டு துண்டு. எட்டு மணிக்குப் பால். இடது தோள்ல போட்டு முதுகத் தட்டினாத்தான் தூங்குவான்."

"பாலுக்குச் சக்கரை உண்டா?"

ஷ்ரேயசி தாளைத் திருப்பிப் பார்த்தாள். அதில் இல்லை. அரித்ராவைப் பார்த்தாள்.

"போடுவாங்கன்னுதான் நெனைக்கிறேன்" என்றான் அவன்.

குந்தலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் எத்தனையோ அப்பா அம்மாவைப் பார்த்தவள்.

"ராத்திரி முழிச்சுக்கிட்டா என்ன பண்றது?"

"அதுக்குள்ள கார் திரும்பிடும். பத்து மணி கணக்குதான். அப்படி முழிச்சா ஏதோ ஒரு பாட்டு இருக்கு, அதப் பாடணுமாம்."

"என்ன பாட்டு?"

"அதக் கேட்டு எழுதிக்க மறந்துட்டேன்."

கீழே காரின் ஹாரன் இரண்டு தடவை ஒலித்தது. ஷ்ரேயசி சுவரோடு சாய்ந்து பெருமூச்சு விட்டாள். காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு இப்போதுதான் ஒரு முடிவு.

குந்தலா குடையை மூலையில் சாத்திவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரிம்மா, கொழந்தைய நான் பாத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் இன்னும் துணி கூட மாத்தாம நிக்கிறீங்களே, கார் வந்துடுச்சு, கெளம்புங்க."

ஷ்ரேயசி அவள் முகத்தைப் பார்க்காமல், ரொம்பத் தணிந்த குரலில் சொன்னாள்.

"நாங்க எங்கயும் போகல மாஷி. கார் எங்களுக்கு இல்ல. இன்னிக்கு லீவு, இவன வளக்குற ஆயாவுக்கு."